மஞ்சள் பூசிய இறகுகள்

நாரை எதைத் தின்றது என்று அறிய வேண்டுமானால் அதைச் சுட்டு வீழ்த்தி இரைப்பையைக் கிழித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுபதுகளின் தொடக்கத்தில் விலங்கியல் படித்த எங்களுக்குக் கற்பித்தார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மார்கழிக் காலையில் என் முன்னால் ஓர் எனாமல் தட்டு வைக்கப்பட்டது. அதில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று கழுத்து மடங்கிக் கிடந்தது. அதன் இரைப்பையில் செரிக்காத மீன் முட்களையும் இறாலின் மீசைகளையும் கண்டு, அவற்றைப் பிரித்து எழுதினேன். அன்று விடியலில்தான் பாசுரம் ஓதிச் சேவித்துவிட்டு வந்திருந்தேன். பெருமாளைப் பிரிந்து வாடும் பெண், நாரையைக் கூப்பிட்டுத் தனக்காக அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவரும்படி கெஞ்சுவது நம் பக்திப் பாடல்களில் பழைய வழக்கம். தூது போக வேண்டியதைத் தட்டில் வைத்து நான் அறுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் மறுபடி சேவிக்க உட்கார்ந்தபோது நாரை வரும் இடத்தில் குரல் எழவில்லை. அந்த ஆய்வை அத்துடன் விட்டேன். பொன்னேரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை ஆனேன். கரப்பான் பூச்சியோடும் தவளையோடும் காலம் போயிற்று.

எண்பதுகளின் நடுவில் நூலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டு ஆய்விதழைப் புரட்டியபோது, கொல்லாமலே அறிய ஒரு வழி பிறந்திருப்பதைப் படித்தேன். கரி என்னும் தனிமத்தில் எடை குறைந்த அணுவும் உண்டு, எடை மிகுந்த அணுவும் உண்டு. இரண்டும் சிதையாமல் நிலைத்திருப்பவை. நிலைத்த ஐசோடோப்புகள் என்று அவற்றுக்குப் பெயர். கடலிலும் கடல்நீர் கலந்த ஏரியிலும் விளையும் இரையில் எடை மிகுந்த கரி சற்றே கூடுதல்; நன்னீர்க் குளத்திலும் நெல் வயலிலும் விளையும் இரையில் சற்றே குறைவு. பறவை எதைத் தின்கிறதோ அதிலிருந்துதான் அதன் இறகு முளைக்கிறது. முளைத்து முடிந்த இறகு நம் நகம் போல உயிரற்ற பொருள். அதற்குப் பிறகு மாறுவதில்லை. ஆகவே ஓர் இறகைப் பொடித்து எரித்து, வரும் புகையை நிறை அளக்கும் கருவியில் செலுத்தினால், அந்த இறகு வளர்ந்த காலத்தில் பறவை உப்புத் தண்ணீரில் மேய்ந்ததா நல்ல தண்ணீரில் மேய்ந்ததா என்று தெரிந்துவிடும். படித்து முடித்ததும் இதழை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எதிரே அமர்ந்திருந்த வேதியியல் ஆசிரியர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். துப்பாக்கி இல்லாமல் நாரையிடம் ஒரு கேள்வி கேட்கப் பெருமாள் எனக்கு வழிவிட்டிருக்கிறார் என்று அன்று மனதார நம்பினேன். பிற்பாடு பெருமாள்மீது நான் கொண்ட கோபத்துக்கு அந்த நம்பிக்கையே காரணம்.

கேள்வியும் தயாராகவே காத்திருந்தது. காட்டூருக்குக் கிழக்கே, வயல்கள் முடிந்து உவர்நிலம் தொடங்கும் இடத்தில் உழவர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் புறம்போக்கில் நின்ற புளியமரங்களில் ஆண்டுதோறும் மார்கழியில் நாரைகள் வந்து கூடு கட்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்களாகவே அவற்றை அந்த ஊரார் நடத்தினார்கள். குஞ்சுகள் பறந்து போகும் வரை அங்கே மேளம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, வெடி இல்லை. அந்த மாதங்களில் வீட்டில் கல்யாணம் வந்தால் தாலி கட்டக் காட்டூருக்குப் போவார்கள். மரத்தில் யாரும் ஏறமாட்டார்கள். பிரசவ அறைக்குள் அயலார் நுழைவது போன்றது அது. பறவைகளின் எச்சம் விழுந்து கரைந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. அது பயிருக்கு நல்ல உரமாக இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் உரத்துக்காக மட்டும் ஒரு ஊர் அவ்வளவு காலம் வாய்பொத்தி இருந்திருக்காது.

அந்த மரங்களைத்தான் வெட்ட வேண்டும் என்றார்கள், தோணிரேவு என்ற ஊருக்கு வடக்கே ஏரியை ஒட்டியிருந்த ஒரு மீனவக் குப்பத்தார். அவர்களுடைய தலைவரை முதன்முதலில் படகுத்துறையில் சந்தித்தேன். கனத்த உடம்பு, மெல்லிய குரல், வெற்றிலை வாய். ஏரிக்குள் சுட்டிக் காட்டினார். வட்டமாகக் கழி நட்டுச் சுற்றிக் கட்டிய இறால் வலையைச் சூழ்ந்து நாரைகள் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன.

“டீச்சரம்மா, எங்க பாடு இன்னானு தெரியுமா ஒனக்கு? ஏரியில நல்ல எடம் கொஞ்சம்தான், தலக்கட்டு ஜாஸ்தி. அதனால சீட்டு போட்டு மொற வெச்சிகினு எறங்குறோம். அந்த மொறைக்கிப் பேருதான் பாடு. என் மொற வர்ற அன்னிக்கி காத்து திரும்பினா போச்சி, தண்ணி தெளிஞ்சா போச்சி. அன்னிக்கினு பாத்து இதுங்க வந்து வலைய சுத்தி பந்தியில குந்துன மாரி நிக்குதுங்க. அடுத்த மொற வர்ற வரிக்கும் என் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?”

“அவை இறால்தான் தின்கின்றனவா, வேறு பொடி மீனா?”

“வலைக்கிட்ட நின்னுகினு கீது. சாமி கும்புடவா நிக்குது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இறாலுக்கு அப்போது நல்ல விலை. ஏரியின் முகத்துவாரமோ ஆண்டுக்காண்டு மண் மூடி, கடலிலிருந்து ஏரிக்குள் வரும் இறால் குறைந்துகொண்டிருந்தது. உழவர் தரப்பில் பேசியவர் அந்தப் புளியமரங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். ஒல்லியான, எளிதில் கொதிக்கும் மனிதர். அவருடைய பேச்சும் அதே உறுதியோடு வந்தது. நாரையை அங்கே எல்லாரும் கொக்கு என்றுதான் சொல்வார்கள்.

“எங்க நைனா காலத்துலருந்து பாக்குறோம். அதுங்க துன்றது எங்க வயல்ல தவக்கள, வாய்க்கா தண்ணியில கெண்டப் பொடி. எறாவாம் எறா! முகத்துவாரம் தூந்து போனதுக்கு என் மரம் இன்னா பண்ணும்? வலையில மாட்டலைனா கொக்கு மேல பழி போடுறதா?”

இரண்டு ஊராரும் ஒரு முடிவுக்கு வந்தால் அதன்படியே ஆணை தருவதாகத் தாலுகா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். குஞ்சுகள் பறந்தபின், பங்குனிக் கடைசியில், குப்பத்துக் கோயிலடியில் கூடிப் பேசுவது என்று ஏற்பாடாயிற்று. அந்தக் குப்பத்தில் அடுத்த ஆண்டுக்கான பாடு முறையைச் சீட்டுப் போட்டு வகுப்பதும் அதே நாளில்தான். நடுவே நான் புகுந்தேன். இறகுகளைக் கருவியில் சோதித்தால் உண்மை தெரியும் என்றேன். தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

“சரி. மெஷினு வயல்னு சொல்லிச்சின்னா மரம் நிக்கட்டும். எறானு சொல்லிச்சின்னா வெட்டணும். அப்பறம் ஒருத்தனும் பேசக் கூடாது.”

உழவரும் ஒப்புக்கொண்டார். வெற்றி தனக்கே என்று அவருக்கு அப்படியொரு நிச்சயம். ஒரு மரக்கூட்டத்தின் ஆயுள் என் கையில் வந்து விழுந்தது.

முதல் முட்டுக்கட்டை இறகிலேயே இருந்தது. மரத்தடியில் உதிர்ந்து கிடந்தவை எல்லாம் தாய்ப்பறவைகளின் இறகுகள். அவை எந்த ஆண்டு, எந்த நாட்டுக் குளக்கரையில் முளைத்தனவோ! அவற்றைச் சோதித்தால் அந்த ஊர்ச் சாப்பாட்டின் கதைதான் கிடைக்கும். இங்கே தின்றதை அறிய இங்கே பிறந்து இங்கே வளரும் குஞ்சின் இறகு வேண்டும். கூட்டிலிருந்து ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரே ஓர் இறகு பிடுங்கிக்கொள்ளலாமா என்று உழவரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தபடி வீட்டுக்குள் பார்த்தார். உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். என்னைவிட மூத்தவர், மரங்களின் மீதான அதிகாரம் உண்மையில் அவரிடம்தான் இருந்தது.

“பொறந்த கொயந்த மயிரப் புடுங்கி பாத்தா அது இன்னா துன்னுச்சினு தெரியுமா?”

“தெரியும் அக்கா. வலி அதிகம் இருக்காது.”

“ஒனக்கு இருக்காது.”

“மரம் நிற்க வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி.”

“மரம் நிக்கணும்னு மரத்து மேல ஏறுவியா? நல்லா கீதே நாயம்! பெத்தவ மேல பாத்துகினு இருப்பா, கீழ நீ புள்ளையப் புடிச்சி புடுங்குவ. ஒருத்தனும் ஏறக் கூடாது.”

எனக்கு எரிச்சல் பொங்கியது. ஆனால் அந்த மரங்கள் அத்தனை காலம் நின்றதே அந்த ஒரு பிடிவாதத்தால்தான். இப்போது அவற்றைக் காப்பாற்ற வந்த என்னையும் அதே பிடிவாதம் தடுத்தது. கோயில் கதவைத் திறக்க வந்தவனைக் கோயிலின் பூட்டே விரட்டுவது போல இருந்தது. வாரக்கணக்கில் சனி ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய்க் கெஞ்சினேன். பாசுரத்தில் வரும் பெண் நாரையிடம் கெஞ்சினாள். நான் நாரைக்குக் காவல் இருந்தவளிடம் கெஞ்சினேன்.

தை மாதத்துக் காற்று ஒரு வழி காட்டியது. காற்றிலும் உடன்பிறப்பின் நெருக்கலிலும் சில குஞ்சுகள் கூட்டிலிருந்து கீழே விழுந்து இறந்துபோகும். அவற்றை அந்தப் பெண்மணி வேலி ஓரத்தில் புதைப்பார். சும்மா புதைப்பதில்லை, இறந்த கைக்குழந்தைக்குச் செய்வது போல மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, பழைய சேலைத் துண்டில் சுற்றி, கொஞ்சம் பாலும் தெளித்துத்தான் மண்ணிடுவார். அப்படிக் குளிப்பாட்டும் முன் ஒவ்வொன்றின் இறக்கையிலிருந்தும் ஓர் இறகைக் கத்தரித்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டேன். மூன்று வருகைகள் வீணாயின. நான்காவது முறை, கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, “நானே எடுத்து வெக்கிறேன். நீ தொடாத,” என்றார்.

உயிரோடிருந்தவை வளர வளர, விழுந்தவையும் பெரிதாயின. மாசி பாதிக்கு மேல் கடந்தபோது ஏறக்குறையச் சிறகு முற்றிய குஞ்சுகளின் இறகுகளும் கிடைத்திருந்தன. இறகுகளைக் காகித உறையில் ஈரமின்றி வைக்க வேண்டும், வேறெதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். தொலைவில் ஒரு நகரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தின் முகவரியைப் பார்சல் பெட்டியில் எழுதி அவர்கள் வீட்டிலேயே வைத்திருந்தேன். மாசிக் கடைசியில் போய்ப் பார்த்து, சரிபார்த்து, நானே அனுப்புவதாகத் திட்டம். அந்த வாரம் கல்லூரியில் செய்முறைத் தேர்வு வந்து என்னைக் கட்டிப்போட்டது. தேர்வு முடிந்து ஓடிப் போனபோது உழவர் பெருமையோடு வாசலிலேயே எதிர்கொண்டார்.

“டீச்சர், நீங்க அலைய வேணாம்னு நானே பொன்னேரி போஸ்டாபீசுல போட்டுட்டு வந்துட்டேன். ரிஜிஸ்டர் பண்ணிட்டேன்!”

அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பார்சல் பங்குனி முதல் வாரத்தில் கல்லூரிக்கே திரும்பி வந்தது. கூடவே கருவியைக் கையாளும் விஞ்ஞானியின் இரண்டு வரிகள்: இறகுகளில் எண்ணெயும் நிறப்பொருளும் பூசப்பட்டுள்ளன, இந்த நிலையில் சோதிக்க இயலாது. பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு இறகும் விளக்கெண்ணெயில் குழைத்த மஞ்சளில் தோய்ந்து, எண்ணெய் தேய்த்துவிட்ட பிள்ளையின் தலை போலப் பளபளத்தது. விளக்கெண்ணெய் ஆமணக்கிலிருந்து வருவது. மஞ்சள் கிழங்கிலிருந்து வருவது. இரண்டிலும் கரி உண்டு. கருவியில் அப்படியே போட்டிருந்தால் நாரை ஆமணக்குத் தோட்டத்தில் மேய்ந்தது என்று விடை வந்திருக்கும்.

மறுநாளே போனேன். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

“எதுவும் சேர்க்க வேண்டாம் என்று சொன்னேனே, அக்கா.”

“இன்னா சேத்தேன்? மஞ்சளும் வெளக்கெண்ணெயும்தானே? ஊரு வுட்டு ஊரு போவுது, கண்டவன் கையி பட்டு போவுது. செத்த புள்ளையோடது. வெறுமனவா அனுப்புவாங்க?”

உழவர் தம் தலையில் அடித்துக்கொண்டார். “என்கிட்ட சொன்னியாடி?”

“நீ கேட்டியா?”

அந்த வீட்டில் எனக்குக் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

கல்லூரி ஆய்வகத்தில் மிச்சமிருந்த ஈதரையும் குளோரோபார்மையும் வேதியியல் ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கி, இறகுகளை ஒவ்வொன்றாக ஊறவைத்துக் கழுவினேன். எண்ணெய் கரைந்தது. மஞ்சள் எளிதில் போகவில்லை; இறகின் நடுத்தண்டை ஒட்டிப் பிடிவாதமாக நின்றது. மறுபடி மறுபடி கழுவினேன். அந்த நாட்களில் என் விரல் நுனிகள் மஞ்சளாகவே இருந்தன. மாணவிகள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். மஞ்சள் முற்றிலும் நீங்கிய இறகுகளை மட்டும் பிரித்தெடுத்து இரண்டாம் முறை அனுப்பினேன். அவை முன்பு போனதில் பாதிகூட இல்லை.

அடுத்து, கருவி. ஒவ்வொரு வாரமும் தபால் நிலையத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மர பெஞ்சில் காத்திருந்தேன். இணைப்பு கிடைத்தால் உலகமே கேட்கும்படி கத்த வேண்டும். “என் இறகுகள்! நாரை இறகுகள்! எப்போது ஆகும்?” தபால்தலை ஒட்ட வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மறுமுனையில் விஞ்ஞானி நல்லவர்தான். அவராலும் ஆவது ஒன்றுமில்லை. “அம்மா, புகையைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். இன்னும் வரவில்லை.” அடுத்த வாரம் நைட்ரஜன் வந்திருந்தது, மின்சாரம் இல்லை. அதற்கடுத்த வாரம் இரண்டும் இருந்தன. என் இறகுகளுக்கு முன்னால் யாருடைய பாறைத் துகள்களோ வரிசையில் நின்றன. பாறைக்கு என்ன அவசரம்? கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது இன்னும் ஒரு மாதம் கிடக்காதா? இதைத் தொலைபேசியில் நான் உரக்கக் கேட்டும்விட்டேன். தபால் நிலைய எழுத்தர், “டைம் முடிஞ்சிது மேடம்,” என்று மெதுவாகச் சொன்னார்.

காலையில் சேவிக்கும்போதும் பெருமாளோடு சண்டைதான். அன்பர் அழைத்ததும் ஓடிவந்ததாகப் பாடப்பட்ட கதையை எல்லாம் வரிசையாக நினைவூட்டி, ஒரு புட்டி நைட்ரஜனுக்கு வழி செய்யக் கூடாதா என்று கேட்டேன். சிரிக்க வேண்டாம், அன்று அது எனக்கு வேடிக்கையாக இருக்கவில்லை.

பங்குனிக் கடைசி வந்தது. கடைசிக் குஞ்சுகளும் பறந்துவிட்டன. குப்பத்துக் கோயிலடியில் பிற்பகலில் கூடினோம். காய்ந்த வலைகளின் வாடை. ஒருபுறம் மீனவர்கள், மறுபுறம் உழவர்கள், நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் நான். வெறும் கையோடு.

“சொல்லு டீச்சரம்மா. மெஷினு இன்னா சொல்லுது?” என்றார் தலைவர்.

“இன்னும் சொல்லவில்லை. ஒரு மாதம் தவணை வேண்டும்.”

கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான்: “மெஷினுக்கு வாய்ல வெத்தல போல!” சிரிப்பு எழுந்தது. தலைவர் கை உயர்த்தி அடக்கினார்.

“எதனால லேட்டு?”

எண்ணெய் பட்டதைச் சொன்னேன். மறைத்து என்ன பயன்? எல்லாத் தலைகளும் உழவர் பக்கம் பின்வரிசையில் நின்ற பெண்மணியை நோக்கித் திரும்பின. தலைவர் நம்ப முடியாதவராக, “மஞ்ச பூசினது நீயாம்மே?” என்றார்.

“பூசாம அனுப்ப அது இன்னா கருவாடா?”

மீனவப் பெண்கள் பக்கமிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை. ஒருத்தி, “அதான சரி,” என்றுகூடச் சொன்னாள். ஒரு கணம் எல்லாம் நன்றாக முடிந்துவிடும் என்று தோன்றியது. உழவர் அந்த நேரம் பார்த்து எழுந்து நின்று, முகத்துவாரத்தைத் தூர்த்தது நாரையா என்று கைநீட்டிக் கத்தினார். எதிர்ப்பக்கத்திலும் எழுந்து நின்றார்கள். சிரிப்பு ஓய்ந்தது.

தலைவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். குரலில் கடுமை இல்லை. “இன்னிக்கி நாங்க அடுத்த வருசத்துப் பாடு வெக்கணும். கொக்கு வருதுனா ஒரு கணக்கு, வரலனா ஒரு கணக்கு. வலைக்கிக் கடன் குடுத்தவன் கேக்குறான். நீ ஒரு மாசம்னு சொல்ற, மெஷினு எப்ப சொல்லும்னு ஒனக்கே தெரியல. நான் இவங்களுக்கு இன்னானு சொல்லட்டும்?”

மரங்களை வெட்டுவதென்று முடிவாயிற்று. உழவர்களில் சிலர்கூட வாக்குக் கொடுத்தாயிற்றே என்று தலையசைத்தார்கள். விடை வராவிட்டால் என்ன செய்வது என்று அந்த வாக்கில் ஒரு சொல்லும் இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

சித்திரையில் வெட்டினார்கள். நான் போயிருக்க வேண்டியதில்லை, போனேன். செங்கல் சூளைக்காரரின் லாரி நின்றது. விழுந்த கிளைகளில் பழைய கூடுகள் சுள்ளிக் கட்டுகளாகச் சிதறிக் கிடந்தன. எச்சத்தின் வெண்மை மாவு போலப் பறந்தது. அந்தப் பெண்மணி வேலி ஓரத்தில், தாம் புதைத்த இடத்தை லாரிச் சக்கரம் மிதித்துவிடாதபடி, காவலாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

விடை வைகாசியில் வந்தது. ஒரு தாள், எண்கள். விஞ்ஞானி சிரத்தையோடு, ஒவ்வொரு இறகையும் நுனி, அடி என இரண்டாக வெட்டித் தனித்தனியே சோதித்திருந்தார். இறகில் நுனிதான் முதலில் முளைப்பது, அடி பிறகு வளர்வது. நுனிகள் நன்னீர் என்றன. அடிப்பகுதிகள் உப்புநீர் என்றன. தை மாதத்தில் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் தண்ணீர் இருந்தபோது தாய்கள் அங்கே மேய்ந்து குஞ்சுக்கு ஊட்டியிருக்கின்றன. மாசியில் அவை வற்றியதும் ஏரிக்குப் போயிருக்கின்றன. அவ்வளவு தெளிவான எண்களை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. அவ்வளவு பயனற்ற எண்களையும் கண்டதில்லை. வயலா இறாலா என்று ஒற்றைச் சொல் கேட்டவர்களிடம் இதை உரிய காலத்தில் கொடுத்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்?

தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப பாதி எங்களுது.”

“உப்புநீர் இரை என்றுதான் தெரியும். அது இறாலா, வேறு பொடி மீனா என்று இது சொல்லாது.”

“எங்க ஏரிதான?” என்றார். மீண்டும் தாரில் துணியை நனைத்தார்.

உழவரிடம் போனேன். “பாத்தீங்களா, பாதி எங்க வயலு!” என்று அவர் துள்ளி எழுந்து, வெட்டிய அடிமரங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த மார்கழியில் நாரைகள் வந்தன. மரங்கள் இருந்த இடத்தின் மேல் சில நாட்கள் சுற்றிவிட்டு, எளாவூருக்கு அப்பால், மாநில எல்லை தாண்டி வேறோர் ஊரின் மரங்களில் கூடு கட்டின. ஆனால் இரைக்குப் பறந்து வர அது ஒன்றும் அவற்றுக்குத் தொலைவில்லை. மாசியில் நான் படகுத்துறைக்குப் போனபோது, வட்டமாக நட்ட கழிகளைச் சூழ்ந்து, முன்பு நின்றது போலவே முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. தலைவர் என்னைக் கண்டு முகத்தைச் சுளித்தார். “மரம் போனா போயிடும்னு நெனச்சோம்மா. இதுங்க பஸ்ஸு புடிச்சி வருதுங்க,” என்றார். அன்று அவருடைய பாடு. வலையில் அன்றும் பெரிதாக ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் உழவர் குடியிருப்பில் இறங்கினேன். ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பெண்மணி வாசலில் மஞ்சள் கிழங்கு வேகவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வெட்டவெளியாகிப் போன பக்கம் பார்க்காதபடி உட்கார்ந்திருந்தார். ஓராண்டாகப் பேசாதவர், தலை நிமிராமலே கேட்டார்:

“அந்தப் பேப்பருல இன்னாதான் போட்டிருந்துச்சி? எம் புள்ளைங்க இன்னா துன்னுச்சுங்க?”

“முதலில் உங்கள் வயல் இரை, அக்கா. பிறகு ஏரி இரை.”

கிழங்கைப் பரப்பிக்கொண்டே சற்று யோசித்தார்.

“வயிறு ரொம்ப துன்னுச்சுங்களா?”

எதைத் தின்றது என்று இறகு சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பசித்ததா நிறைந்ததா என்று சொல்லாது. தலைவர் முதல் நாளே படகுத்துறையில் சொன்னதும் தம் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றித்தான். அப்போது அது என் காதில் ஏறவில்லை.

“அது தெரியாது, அக்கா.”

முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, சலிப்பு.

“அப்ப இன்னாத்துக்கு அத்த அவ்ளோ தூரம் அனுப்பின?”

பொன்னேரி பஸ் வர நேரமாயிற்று. ஒரு கைப்பிடி கிழங்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து என் பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.